கம்பளிக்கு மேல் படுத்திருந்த ராமானுஜன்

கணப்பை ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்திருந்த ராமானுஜனிடம், இரவில் குளிர் தாங்குகிறதா என்று விசாரித்தார் பி. சி. மகலனோபிஸ். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர். அப்போது அவரும் கேம்பிரிட்ஜில் மாணவர். மேல்கோட்டோடு சால்வையும் சுற்றிக்கொண்டு தூங்குவதாகப் பதில் வந்தது. மகலனோபிஸ் அதோடு விடவில்லை. படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன. எல்லாம் மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்குத் தெரியாது. மேல்விரிப்பை மட்டும் போர்த்திக்கொண்டு நடுங்கியிருக்கிறார்.

1914 ஏப்ரலில் இங்கிலாந்தில் இறங்கியவர். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு தந்தது. ஹார்டி போன்ற கணித மேதை உடனிருந்தார். ஆனால் சைவச் சாப்பாட்டுக்காக டிரினிட்டி கல்லூரி உணவுக்கூடத்தை விட்டு விலகி, அறையில் தனியே சமைத்தார். அந்த ஆகஸ்டிலேயே போர் மூண்டது. காய்கறிக்கும் தட்டுப்பாடு வந்தது. ஊரில் தாயார் தடுத்துவிட்டதால் மனைவி ஜானகியின் கடிதங்கள் அவர் கைக்கு வரவில்லை. 1917இல் நோயில் விழுந்தார். 1918 தொடக்கத்தில் லண்டனில் உயிரை விடவும் துணிந்தார். ரயில் ஊழியர் ஒருவரின் விழிப்பால் பிழைத்தார். அதே ஆண்டு மே மாதம் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ஹார்டிக்கு அவர்மேல் பாசம் இல்லாமல் இல்லை. உயிரை விடத் துணிந்ததற்காகப் பிடித்த போலீசிடமிருந்து மீட்டவரே அவர்தான். ஆனாலும் இருவரும் பேசியது பெரும்பாலும் கணக்கு. அறைக்குள் எட்டிப் பார்த்தவர் மகலனோபிஸ்.

அப்படி எட்டிப் பார்க்க வேண்டிய அறைகள் இங்கேயும் உண்டு. புதுச்சேரிக் கடற்கரையோரம் காலாப்பட்டு. 1985இல் தொடங்கிய புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களுக்கு இங்கே பகை குளிரல்ல, புழுக்கம். மரக்காணத்து உப்பளங்களில் உப்பு விளைய வேண்டுமென்றால் காயவேண்டிய அதே வெயில், புதிதாக வந்தவர்களைச் சுருட்டிப் போட்டுவிடும். சாப்பாட்டின் காரம், பெயர்ப்பலகையைப் படிக்க முடியாத பேருந்து எல்லாம் அதற்கு மேல்.

உதவி வேண்டுவோர் அலுவலகத்துக்கு வரலாம் என்று அறிவிப்பு ஒட்டினால் போதாது. கேட்பதே கௌரவக்குறைவு என்று வளர்ந்த பிள்ளை அந்த வாசலை மிதிக்காது. முதல் பருவத்திலேயே மூத்த மாணவர் ஒருவர் அறைக்கே போகட்டும். என்ன சாப்பிடுகிறாய், தூக்கம் வருகிறதா, வீட்டோடு கடைசியாக எப்போது பேசினாய் என்று கேட்கட்டும். மனம் ஒடிந்திருப்பது தெரிந்தால் 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, இரவிலும் அழைக்கலாம். எண்ணைக் குறித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடாமல், பக்கத்திலேயே உட்கார்ந்து அழைக்க வைப்பது நல்லது.

வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளைகள் விஷயமும் இதுதான். "நல்லாயிருக்கேம்மா" என்பார்கள், அம்மா அழுவாளே என்று மறைப்பார்கள். வீடியோவில் பேசும்போது அடுப்படியையும் படுக்கையையும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். அதே ஊரில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.