உள்ளே வர வேண்டாம், கேட்டால் போதும்

“சூடோவில் பெரிய ஓட்டை என்று செய்தி வந்ததே, அதற்குப் பதிலாக சிஸ்டம்டியில் ரன்ஜீரோ என்று ஒன்று வந்திருக்கிறதாமே, மாறிவிடலாமா?” என்று லினக்ஸ் பயன்படுத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த ஓட்டையை 2025 ஜூனிலேயே அடைத்துவிட்டார்கள். அப்டேட் போட்டிருந்தால் பயமில்லை, மாறியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கேள்விக்கு இவ்வளவுதான் பதில். ஆனால் ரன்ஜீரோ வேலை செய்யும் விதத்தில் ஓர் அழகு இருக்கிறது. ‘சூடோவின் கதை முடிந்தது’ என்று எழுதியவர்கள் யாரும் அந்த அழகைச் சொல்லவில்லை.

பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் கெர்னல் எழுந்தவுடன் அடுத்து எழுந்து, மற்ற எல்லாவற்றையும் எழுப்பி மேய்க்கும் நிர்வாக மென்பொருள் சிஸ்டம்டி. அதன் 256ஆம் பதிப்பு 2024 ஜூனில் வந்தது. மாற்றங்களின் பட்டியல் மிக நீளம். புரோசஸ்களைக் குழு பிரித்து மேய்க்கும் பழைய சிகுரூப் ஏற்பாட்டை நம்பியிருந்த கணினிகள், வலியக் கட்டாயப்படுத்தினால் தவிர, இனி எழாது என்று அறிவித்தார்கள். தரவைச் சுருக்கும் நூலகங்களை எப்போதும் சுமந்து திரியாமல், தேவைப்படும் நேரத்தில் மட்டும் ஏற்றிக்கொள்ளும்படி செய்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில், அப்படியொரு சுருக்க நூலகமான எக்ஸ்இசட்டுக்குள் திட்டமிட்டு நுழைத்திருந்த பின்வாசல் அம்பலமானது. அதன் பிறகு இந்த மாற்றத்தின் அருமையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இவற்றோடு வந்ததுதான் ரன்ஜீரோ.

சாதாரணப் பயனர் ஒரு கட்டளையை ரூட்டாக, அதாவது கணினியின் முழு அதிகாரமும் உள்ள பயனராக, ஓட்ட உதவுவது சூடோ. முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். சூடோவின் புரோகிராம் பைலில் செட்யூஐடி என்று ஒரு குறி இருக்கும். அந்தக் குறி உள்ள பைலை யார் ஓட்டினாலும், பைலின் உரிமையாளரான ரூட்டின் அதிகாரத்தோடு கெர்னல் அதை ஓடவைக்கும். இந்த ஆளுக்கு அனுமதி உண்டா, கடவுச்சொல் சரியா என்று சூடோ விசாரிக்கத் தொடங்கும் முன்பே முழு அதிகாரமும் அதன் கைக்கு வந்துவிடுகிறது.

அந்த அதிகாரம் வந்து சேரும் இடத்தில்தான் சிக்கல். சூடோ பிறப்பது உங்கள் ஷெல்லுக்கு. ஷெல்லிடம் இருந்தவை எல்லாம் அதோடு கூடவே வரும்: சூழல் மாறிகள், திறந்து கிடக்கும் பைல்கள், நிற்கும் டைரக்டரி, சிக்னல் அமைப்புகள், வள வரம்புகள், டெர்மினல். இவை ஒவ்வொன்றையும் ஓட்டுபவர் தன் இஷ்டத்துக்கு அமைத்துவைக்க முடியும். எல்டி-பிரீலோட் என்ற சூழல் மாறியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு நூலகத்தின் பெயரைப் போட்டுவைத்தால், அடுத்து ஓடும் புரோகிராம் எதுவானாலும் அந்த நூலகத்தைத்தான் முதலில் ஏற்றிக்கொள்ளும். செட்யூஐடி புரோகிராமில் இது பலித்தால் கணினியே கைமாறிவிடும். அதனால் சி நூலகமே அந்தக் குறியைக் கண்டால் இந்த மாறியைக் கண்டபடி செயல்பட விடாது. இது ஒரு கதவுக்குப் போட்ட ஒரு தாழ்ப்பாள். இப்படி எத்தனை கதவு இருக்கிறதோ அத்தனை தாழ்ப்பாளையும் ஒன்றுவிடாமல் யோசித்துப் போட்டாக வேண்டும்.

கல்யாண வீட்டு உக்கிராண அறையை நினைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பு பெண்ணின் சித்தப்பாவிடம். சூடோ முறையில், அறை வாசலில் சித்தப்பாவின் துண்டு ஒன்று தொங்குகிறது. அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டால் யாருக்கும் கதவு திறக்கும். உள்ளே போன பிறகுதான் ‘நீ யார், பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா, என்ன வேண்டும்’ என்ற விசாரணை. வந்தவர் தோளில் அவருடைய பை, கையில் அவருடைய படி, மடியில் என்ன இருக்கிறதோ தெரியாது. பையைச் சோதி, படியை வாங்கி வை, மடியை உதறச் சொல் என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்த கட்டளைகள் சூடோவின் நிரலுக்குள் ஏராளம். 2025இல் பிடிபட்ட ஓட்டையோ இன்னும் மோசம். வந்தவர் தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்ட, வந்தவரைப் பற்றி யாரிடம் விசாரிப்பது என்பதை அந்த நோட்டைப் புரட்டியே முடிவு செய்தார்கள்!

மிகையாகச் சொல்லவில்லை. சூடோவில் சிஎச்ரூட் என்று ஒரு வசதி உண்டு. ஓட்டுபவர் சொல்லும் ஒரு டைரக்டரியையே முழு உலகமாகப் பாவித்து வேலை செய்யும். 2023 ஜூனில் வந்த 1.9.14ஆம் பதிப்பில், அனுமதிப் பட்டியலைப் படித்து முடிக்கும் முன்பே அந்த டைரக்டரிக்குள் போய்விடும்படி மாற்றிவிட்டார்கள். பயனர் விவரங்களை எங்கே தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் அமைப்புப் பைலை நாமே எழுதி அங்கே வைத்திருந்தால் சூடோ அதை நம்பி, அது சொல்லும் நூலகத்தை ரூட் அதிகாரத்தோடு ஏற்றிக்கொள்ளும். சூடோ பட்டியலில் பெயரே இல்லாதவர் கூட ரூட் ஆகலாம். தீவிரம் பத்துக்கு 9.3 என்று மதிப்பிட்டார்கள். 1.9.17பி1 பதிப்பில் அடைத்தார்கள். அதற்கு முன் 2021 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் கண்டுபிடித்த ஓட்டை 2011 முதலே நிரலுக்குள் உட்கார்ந்திருந்தது. ஒரு சொல் பின்சாய்வுக் கோட்டில் முடிந்தால் சூடோ நினைவகத்தின் எல்லையைத் தாண்டி எழுதிவிடும். திறமைசாலிகள் பொறுப்போடு பராமரிக்கும் மென்பொருள் இது. வருபவரை உள்ளே விட்டுவிட்டுச் சோதிக்கும் வேலையே அவ்வளவு கடினம்.

ரன்ஜீரோ முறையில் துண்டே கிடையாது. கேட்பவர் வாசலைத் தாண்டுவதில்லை. காலை முதல் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் சித்தப்பா, வாசலில் நிற்கும் மருமகனிடம் ‘இவருக்குக் கொடுக்கலாமா’ என்று கேட்கிறார். மருமகன் விசாரித்துத் தலையசைத்ததும், அறையில் இருக்கும் வீட்டுப் படியால் அளந்து ஜன்னல் வழியே நீட்டுகிறார். கேட்டவரின் பையில் என்ன இருந்தது, படியில் அடிப்பாகம் ஒட்டவைத்ததா, அவர் கூட வந்த ஆள் யார் என்பதெல்லாம் யாருக்கும் தேவையில்லாத விவரம். எதையும் சோதிக்க வேண்டியதில்லை, ஏனென்றால் எதுவும் உள்ளே வரவே இல்லை.

அந்தச் சித்தப்பா சிஸ்டம்டி, அதாவது கணினியின் முதல் புரோசஸ். மருமகன் போல்கிட் என்ற அனுமதிச் சேவை. ரன்ஜீரோ தனக்கென்று எந்த அதிகாரமும் இல்லாத சாதாரணப் புரோகிராம். புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாக ‘இந்தக் கட்டளையை ரூட்டாக ஓட்டித் தாருங்கள்’ என்று செய்தி அனுப்பும், அவ்வளவே. அனுமதி கிடைத்ததும் சிஸ்டம்டி ஒரு தற்காலிக சர்வீஸை உருவாக்கி, கட்டளையைத் தன் பிள்ளையாகப் பெற்றெடுக்கிறது. டெர்மினல் வகை, எந்த டைரக்டரியில் நிற்கிறோம் என்பது போன்ற ஒன்றிரண்டு விவரங்கள் மட்டும் கோரிக்கையில் எழுதப்பட்டுப் போகும். உங்கள் டெர்மினலைக் கூட அந்தக் கட்டளை தொடுவதில்லை. புதிதாக ஒரு போலி டெர்மினலை அதற்குக் கொடுத்து, நீங்கள் தட்டுவதை அங்கேயும் அது சொல்வதை இங்கேயும் கடத்தும் வேலையை ரன்ஜீரோ பார்த்துக்கொள்கிறது.

இதை நேரில் பார்க்கலாம். சூடோ போட்டு ஸ்லீப் கட்டளையை இரண்டு நிமிடம் தூங்கவிடுங்கள். இன்னொரு டெர்மினலில், புரோசஸ்களை மரமாக வரைந்து காட்டும் பிஎஸ்ட்ரீ போட்டால், உங்கள் ஷெல்லின் கீழே சூடோ, அதன் கீழே ஸ்லீப் என்று ஒரே கிளையில் தொங்குவது தெரியும். அதையே ரன்ஜீரோவில் செய்யுங்கள். ஷெல்லின் கீழே ரன்ஜீரோ மட்டும் தனியாக நிற்கும். ஸ்லீப்பைத் தேடினால் மரத்தின் உச்சியில், நேராக முதல் புரோசஸின் கீழே இருக்கும். உங்கள் வம்சத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கூடவே டெர்மினலின் பின்னணி இலேசாகச் சிவந்து, ரூட்டாக இருக்கிறீர்கள் என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும். முதல் முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வரலாறு வேண்டுவோருக்கு: செட்யூஐடி பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி கண்டது. 1979இல் காப்புரிமையும் கிடைத்தது. சூடோ 1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் எழுதப்பட்டது. லெனார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டியைத் தொடங்கியது 2010இல். அதை ஏற்பதா வேண்டாமா என்று அன்று தொடங்கிய சண்டை இன்றும் ஓயவில்லை. அதற்குள் போனால் இந்த இதழ் போதாது.

இனி, சொல்லாமல் விடக்கூடாதவை. ‘செட்யூஐடி ஒழிந்தது’ என்ற முழக்கத்தை நான் ஏற்கவில்லை. ரன்ஜீரோ வந்த காலத்தில், கடவுச்சொல்லைச் சரிபார்க்க போல்கிட் கூப்பிடும் உதவிப் புரோகிராம் செட்யூஐடி குறியோடுதான் இருந்தது. போல்கிட் குடும்பமும் அப்பழுக்கற்றதல்ல. அதன் பிகேஎக்ஸெக் புரோகிராமில் 2009 முதல் இருந்த ஓட்டை 2022 ஜனவரியில்தான் வெளிவந்தது. ‘இவர் இந்த ஒரு கட்டளையை மட்டும் ஓட்டலாம்’ என்று சூடோவின் பைலில் ஒரே வரியில் எழுதும் வசதி ரன்ஜீரோவில் இல்லை. போல்கிட் விதிகளை ஜாவாஸ்கிரிப்டில் எழுத வேண்டும். பத்துப் பேர் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் அலுவலகத்துக்கு இது பெரிய குறை.

கேட்பதே தவறாக இருந்தால் எந்த முறையும் காப்பாற்றாது என்பதற்கு அதே 256ஆம் பதிப்பிலேயே உதாரணம் இருக்கிறது. சிஸ்டம்டி-டெம்ப்பைல்ஸ் கருவிக்குப் புதிதாக பர்ஜ் என்ற வசதி கொடுத்தார்கள். பெயரைப் பார்த்தால் தற்காலிக பைல்களைத் துடைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்தக் கருவி உருவாக்குவதாக அமைப்பில் எழுதப்பட்ட எல்லாவற்றையும் அது அழிக்கும், அந்தப் பட்டியலில் ஹோம் டைரக்டரியும் இருந்தது. நம்பி ஓட்டியவரின் சொந்த பைல்கள் போயின. எதை அழிப்பது என்று அமைப்புப் பைலைக் குறிப்பிட்டுச் சொன்னால்தான் ஓடும் என்று அவசரமாகத் திருத்தினார்கள். முதல் நாளே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

சூடோ தரப்பும் சும்மா இல்லை. ரஸ்ட் மொழியில் திருப்பி எழுதிய சூடோ-ஆர்எஸ் உபுண்டு 25.10இல் இயல்பாகவே வருகிறது. நினைவக எல்லை மீறும் வகை ஓட்டைகளை அது பெருமளவு தடுக்கும். ஆனால் செட்யூஐடி முறை அங்கேயும் அப்படியே.

ஆகவே சூடோவை நீக்க வேண்டாம். டெபியன் 13இல் சிஸ்டம்டி 257 இருப்பதால் அதில் ரன்ஜீரோவும் உண்டு. தனி ஆளாக ஒரு கணினியை நிர்வகிப்பவர் இன்றே பழகத் தொடங்கலாம். உபுண்டு 24.04இல் இருப்பது 255, அதில் ரன்ஜீரோ இல்லை. அங்கே சூடோவின் பதிப்பு எண் பழையதாகத் தெரிந்தாலும் திருத்தத்தை அதிலேயே சேர்த்துத் தந்திருக்கிறார்கள். அப்டேட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.