மிஷின் ஓர் ஊர், முகம் ஓர் ஊர்!

புருஷனுக்கு மோட்டார் பந்தயப் பைத்தியம் பிடித்துவிட்டால் மனைவி என்ன செய்வாள்? நம் ஊராக இருந்தால் பிள்ளையாருக்கு நாலு தேங்காய் வேண்டிக்கொள்வாள். ஹாலிவுட் நடிகை ஜோஆன் உட்வர்ட் ஒரு கைக்கடியாரம் வாங்கினாள். அவளுடைய கணவர் பால் நியூமன், 1960களின் கடைசியில் கார் பந்தயத்தைப் பற்றிய படம் ஒன்றில் நடிக்கப் போனவர், நிஜமாகவே பந்தயத்தில் இறங்கிவிட்டார். விநாடிக் கணக்கைப் பிடிக்க வசதியான ரோலெக்ஸ் டேடோனா என்ற குரோனோகிராப் கடியாரத்தை வாங்கி, அதன் பின்மூடியில் மூன்றே மூன்று வார்த்தைகளைப் பொறித்துக் கொடுத்தாள் அந்த அம்மாள். "ஜாக்கிரதையாக ஓட்டுங்கள் - நான்."

நியூமன் அதைப் பல வருஷம் கட்டினார். 1984ல் ஒரு நாள், தம் வீட்டுத் தோட்டத்தில் மரக்குடிசையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த பையனிடம் மணி கேட்டார். பையன் அவர் மகளுடைய சிநேகிதன். தன்னிடம் கடியாரமே இல்லை என்றான். கையிலிருந்ததைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டார் மனிதர்! அந்தக் கடியாரம் 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது என்ன விலைக்குப் போயிற்று தெரியுமா? 1,77,52,500 டாலர். ரூபாயில் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் தலை சுற்றும், வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை. நியூமன் கட்டியிருந்த மாதிரி டயல், அதாவது சின்ன வட்டங்களுக்குள் கட்டம் கட்டமாய்ப் புள்ளி வைத்த டயல், கடைக்கு வந்த காலத்தில் அதிகம் பேர் சீந்தவில்லை. பிற்காலத்தில் அவர் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. விலை மாடி ஏறியது, மாடியிலிருந்து மலை ஏறியது. சாதாரண சம்பளக்காரனுக்கு அது இனிக் கிடைக்கிற வஸ்து அல்ல என்று ஆனபோது, உலகத்தின் பல மூலைகளில் சிலர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். "கிடைக்காவிட்டால் என்ன, நாமே கட்டிக்கொள்வோம்!"

வீடு கட்டுகிற மாதிரி கடியாரம் கட்டுவதாவது என்று கேட்காதீர்கள். நிஜமாகவே கட்டுகிறார்கள். அசல் பாகம் கொஞ்சம், நகல் பாகம் கொஞ்சம். பாட்டியின் பழைய பட்டுப் புடவை நைந்து போனால் ஜரிகைக் கரையை மட்டும் பிரித்தெடுத்துப் புதுத் துணியில் வைத்துத் தைத்துக்கொள்கிறோம் அல்லவா? அந்த வேலைதான். ஆனால் ஊசிக்குப் பதில் சாமணம், கண்ணில் பூதக்கண்ணாடி.

முதலில் மிஷின் வேண்டும். குரோனோகிராப் என்றால் 'காலத்தை எழுதுவது' என்று பொருள். 1821ல் பாரிஸில் நடந்த குதிரைப் பந்தயத்தில் ரியூசெக் என்ற கடியாரத் தொழிலாளி காட்டிய கருவி உண்மையாகவே எழுதியது. குதிரை எல்லையைத் தாண்டியதும் டயல் மீது ஒரு சொட்டு மை வைத்தது. இப்போது மை இல்லை. மேல் பட்டனை அமுக்கினால் நடுவிலுள்ள நீண்ட முள் ஓட ஆரம்பிக்கும். மறுபடி அமுக்கினால் நிற்கும். கீழ்ப் பட்டனை அமுக்கினால் ஒரே தாவில் பூஜ்யத்துக்குத் திரும்பும். மணி காட்டும் வேலை அது பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும்.

இந்த 'ஒரே தாவு'க்குக் காரணம் என்ன என்று தெரிந்தபோது எனக்கு ஒரே ஆனந்தமாயிருந்தது. உள்ளே இருதய வடிவில் ஒரு குட்டித் தகடு இருக்கிறது. சீட்டுக்கட்டில் ஆட்டின் போட்டிருக்குமே, அதே வடிவம். பட்டனை அமுக்கினதும் ஒரு சுத்தியல் அதன் விளிம்பில் வந்து விழுகிறது. முள் எந்த விநாடியில் நின்றிருந்தாலும் சரி, அடி பட்ட இருதயம் வழுக்கிக்கொண்டு திரும்பி, தன் பள்ளம் சுத்தியலில் பொருந்துகிற வரையில் சுழன்று, அங்கே அசையாமல் நின்றுவிடும். அந்த இடம்தான் பூஜ்யம். அடால்ஃப் நிகோல் என்பவர் 1844ல் காப்புரிமை பெற்ற யுக்தி இது. இன்றைக்கும் அதே இருதயம்தான்.

பழைய டேடோனாவின் உள்ளே இருப்பது 'வால்ஜூ 72' என்ற மிஷின். ஸ்விட்சர்லாந்தில் ஜூ பள்ளத்தாக்கு என்று ஒன்று உண்டு. குளிர்காலத்தில் பனி மூடி வயல் வேலை நின்றுவிட்டால் அங்கே குடியானவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து கடியாரச் சாமான் செய்து பழகினார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் பெயரைத்தான் கம்பெனி வைத்துக்கொண்டது. 1938ல் வந்த மிஷின் இது. 1970களின் நடுவில் உற்பத்தி நின்றது. சாவி கொடுத்தால் ஓடும். மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து. ஆகையால் விநாடியில் ஐந்தில் ஒரு பாகம் வரை அளக்கலாம். உள்ளே மண்டபத்துத் தூண்கள் மாதிரி நிமிர்ந்து நிற்கும் பற்களோடு ஒரு சக்கரம். மேல் பட்டனை அமுக்கும்போதெல்லாம் அது ஒரு படி திரும்பும். நெம்புகோல்கள் தூணின் மேல் ஏறும், அல்லது இரண்டு தூண்களுக்கு நடுவே விழும். எது ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்ற உத்தரவெல்லாம் இந்தச் சக்கரத்திலிருந்துதான்.

இந்த மிஷினை ரோலெக்ஸ் மட்டுமா வாங்கிப் போட்டது? ஹாயர் கம்பெனியின் 1963 காரெராவிலும் இதுவே. பெயர் தெரியாத எத்தனையோ சின்னக் கம்பெனிக் கடியாரங்களிலும் இதுவே. கட்டுகிறவர் அப்படிப்பட்ட அநாதைக் கடியாரம் ஒன்றைத் தேடிப் பிடித்து, மிஷினைக் கழற்றிக்கொள்கிறார். இது எனக்குப் பிடிக்காத பகுதி. அந்த ஏழைக் கடியாரம் தன்னளவில் முழுசாகத்தானே இருந்தது? பணக்கார வேஷத்துக்காக அதன் நெஞ்சைப் பிளக்கிறார்கள். மனசு வராதவர்கள் சீன மிஷினுக்குப் போகிறார்கள். வீனஸ் என்ற ஸ்விஸ் கம்பெனியின் யந்திரங்களைச் சீனா வாங்கி, 1961ல் தன் விமானப் படைக்காகக் கடியாரம் செய்ய முனைந்தது. அந்த வம்சத்து மிஷின் டியன்ஜின் நகரிலிருந்து இன்றும் வருகிறது. அதிலும் தூண் சக்கரம் உண்டு, விலை கொஞ்சம்தான்.

இனிமேல்தான் அவஸ்தை. நகல் கேஸ் வந்து சேரும். பார்வைக்கு அச்சு அசல்! ஆனால் பட்டனுக்குப் போட்ட துவாரம் மிஷினின் நெம்புகோலுக்கு நேராக இராது. மயிரிழை மேலே போனால் பட்டன் வழுக்கும். கீழே போனால் அமுங்கவே அமுங்காது. டயலுக்குப் பின்னால் இரண்டு குட்டிக் கால்கள் இருக்கும். அவை மிஷினிலுள்ள ஓட்டையில் உட்கார வேண்டும். நகல் டயலின் கால் வேறு மிஷினுக்கு அளவெடுத்ததாக இருந்தால், காலை வெட்டிவிட்டுப் பசை வைத்து ஒட்டுகிறவர்களும் உண்டு. (நல்ல தொழிலாளி இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்.) சாவித் தண்டை அளவெடுத்து வெட்ட வேண்டும். ஒரு அரை மில்லிமீட்டர் அதிகம் வெட்டிவிட்டால் போயிற்று, வேறு தண்டுதான்.

முள் பொருத்துவது இதைவிடப் பொல்லாதது. நடு முள் பூஜ்யத்தில் நேராக நிற்க வேண்டும். சற்றுச் சாய்ந்துவிட்டால் கழற்றி மறுபடி குத்த வேண்டும். கழற்றக் கழற்ற அதன் துவாரம் தளர்ந்து, சுத்தியல் விழுகிற அதிர்ச்சியில் முள்ளே நழுவும். இன்னொரு கண்ணி: மிஷினில் சில திருகுகள் திருகு போலத் தோன்றும், ஆனால் திருகு அல்ல. சக்கரங்களின் பற்கள் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்று தொழிற்சாலையில் சரி பார்த்து வைத்த கோணல் ஆணிகள் அவை. "கொஞ்சம் இறுக்கி வைப்போமே" என்று புதுசாகக் கற்றுக்கொள்கிறவர் அதைத் திருப்பினால் தீர்ந்தது. முள் தாவும், நடுங்கும், சில சமயம் கடியாரமே நின்றுவிடும். வடைச் சட்டியில் எண்ணெய் காய்கிறபோது விறகை நோண்டின கதைதான்.

பழைய டயலைச் சுரண்டுவோருக்கு ஒரு எச்சரிக்கை. இருட்டில் மின்ன வேண்டும் என்று 1960களின் ஆரம்பம் வரையில் ரேடியம் கலந்த வர்ணம் பூசினார்கள். அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்தவர்கள் இளம் பெண்கள். தூரிகை நுனி கூராக இருக்க அதை உதட்டில் வைத்து நனைக்கும்படி பழக்கியிருந்தார்கள். தாடை எலும்பு உளுத்து, பலர் மாண்டார்கள். நியூ ஜெர்ஸியில் ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்து 1928ல் நஷ்ட ஈடு பெற்றார்கள். ரேடியத்தின் சக்தி பாதியாகவே 1,600 வருஷம் ஆகும். டயலின் மினுக்கு மங்கிப் போயிருக்கலாம், விஷம் மங்கவில்லை. அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

பின்னால் ரேடியத்துக்குப் பதில் டிரிட்டியம் வந்தது. அதன் சக்தி 12 வருஷம் சொச்சத்தில் பாதியாகிவிடும். ஆகவே ஐம்பது வருஷத்து டிரிட்டியம் டயல் இன்று இருட்டில் நட்சத்திரம் மாதிரி ஜொலித்தால் ஏதோ தில்லுமுல்லு என்று கொள்ளலாம். நகல் டயலுக்கு வயசு ஏற்றுவதற்காகத் தேயிலைச் சாயத்திலும் காப்பி டிகாக்ஷனிலும் நனைத்து, அடுப்பில் வாட்டுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். காப்பியை இப்படியும் பாழாக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

சரி, இது குற்றமா? தன் கைக்காகக் கட்டிக்கொண்டு, "உள்ளே இன்னது அசல், இன்னது நகல்" என்று கேட்டவரிடமெல்லாம் சொல்கிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரவில்லை. ரோலெக்ஸ்கூட அந்த நாளில் டயலை சிங்கர் என்ற கம்பெனியிடமும் மிஷினை வால்ஜூவிடமும்தான் வாங்கியது. 1988 வரை வால்ஜூ, அப்புறம் ஜெனித், 2000த்தில்தான் சொந்த மிஷின். ஸ்விஸ் கடியாரம் என்பதே நாலு வீட்டுச் சமையல்! ஆனால் பிறருடைய பெயரையும் கிரீடத்தையும் அச்சடித்த டயல் வேறு விஷயம். அதைச் செய்து விற்பது சட்டப்படி குற்றம். ஸ்விட்சர்லாந்தில் 2008 முதல், சொந்த உபயோகத்துக்குக் கொண்டு வந்த போலியைக்கூடச் சுங்கக்காரர்கள் பறிமுதல் செய்யலாம். எல்லாவற்றையும்விட மோசம், கட்டினதைக் கட்டினது என்று சொல்லாமல் விற்பதுதான்.

பெரிய இடத்திலேயே இது நடந்துவிட்டது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஓர் ஏலம். ஓமேகா கம்பெனி 1957ல் வெளியிட்ட முதல் ஸ்பீட்மாஸ்டர் ரகம்; கறுப்பு டயல் வெயிலில் பழுத்து சாக்லெட் நிறமாகியிருந்தது. ஒரு லட்சம் பிராங்க் சுமாருக்குப் போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 31 லட்சம் பிராங்குக்குப் போயிற்று! வாங்கியது யார்? ஓமேகா கம்பெனியே, தன் மியூசியத்துக்காக. 2023ல் குட்டு வெளிப்பட்டது. பல கடியாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய உருப்படி அது. பெரும்பாலும் அசல் பாகங்கள்தான், ஆனால் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. தன்னுடைய முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் சம்பந்தம் உண்டு என்று கம்பெனியே அறிவிக்க வேண்டியதாயிற்று. இந்த ஜாதிக் கடியாரத்துக்கு மேல்நாட்டில் 'ஃபிராங்கன் வாட்ச்' என்று பெயர். பிணங்களின் அங்கங்களைத் தைத்து மனிதனைப் படைத்த கதை ஞாபகம் இருக்கிறதல்லவா? நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பழைய ஸ்விஸ் மிஷினுக்குப் பளபளவென்று புது டயல் வர்ணம் அடித்து விற்கிற சரக்குக்கு உலகம் பூராவும் 'பம்பாய் ஸ்பெஷல்' என்றே பெயர்.

இதையெல்லாம் நான் அக்கறையாய் விசாரித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் அப்பா காலமான பிறகு அவருடைய கைக்கடியாரம் நின்று போயிற்று. சாதாரணக் கடியாரம்தான். ஒரு கடையில் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வாங்கி வந்து அம்மாவிடம் பெருமையாக நீட்டினேன். டிக் டிக் என்று ஓடுகிறது; டயல் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அம்மா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏண்டா, இது உங்கப்பா கடியாரம் இல்லையே?" என்றாள். "அதே கடியாரம்தாம்மா. டயல் மட்டும் புதுசு" என்றேன். "ஆறு மணிக்குப் பக்கத்தில் துரு மாதிரி ஒரு கறை இருக்குமே. நீ பிறந்த அன்றைக்கு மழையில் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது தண்ணீர் இறங்கியது" என்றாள். மறுநாள் காலையிலேயே கடைக்கு ஓடினேன். பழைய டயலை அவர்கள் குப்பையோடு கொட்டியிருந்தார்கள். அவர்கள் பேரில் தப்பு சொல்ல முடியாது. வேண்டும் என்று நான் சொல்லவில்லையே.

ஆகையால் வீட்டில் பெரியவர்களுடைய கடியாரம் இருந்து, அதை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறீர்களானால், கடைக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். டயலுக்கு வர்ணம் அடிக்க வேண்டாம். கேஸை மெருகு போட வேண்டாம். எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கழற்றினதை ஒரு காகிதத்தில் மடித்துத் திருப்பித் தரச் சொல்லுங்கள். முள்ளாக இருந்தாலும் சரி, ஒரு சின்னத் திருகாக இருந்தாலும் சரி. ரசீதிலும் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.