விரல் நுனியில் ஒரு சமையலறை

ஒரு சின்னச் சோதனை. கண்களை இறுக மூடிக்கொண்டு ஒரு கோப்பையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?

நான் செய்து பார்த்தேன். வானொலியில் பேசுவது என் தொழில். ஓசையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பினேன். மேசை நனைந்ததுதான் மிச்சம். அது கொதிநீராக இருந்திருந்தால்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் கெவின் சியாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொழில்துறை வடிவமைப்பு பயின்றபோது, பார்வையற்றோருக்காக ‘ஃபோக்ஸ்’ என்ற சமையலறைக் கருவிகளை அவர் வடிவமைத்தார்.

பழக்கத்திலிருந்து பிறந்த பொருள்

பார்வையற்றோர் பலர் கோப்பை விளிம்புக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டு கொதிநீர் ஊற்றுவார்கள். விரலில் சூடு பட்டால் கோப்பை நிரம்பிவிட்டது என்று பொருள். கத்தி எங்கே இருக்கிறது என்பதையும் கைதான் சொல்ல வேண்டும்.

ஃபோக்ஸ் இந்தப் பழக்கங்களை மாற்றச் சொல்லவில்லை. அவற்றில் உள்ள ஆபத்தை மட்டும் எடுத்துவிடப் பார்க்கிறது. அதன் தேக்கரண்டியில் ஒரு சிறு மிதவை உண்டு. தண்ணீர் ஏற ஏற மிதவையும் உயர்ந்து விரலைத் தொடும், விரல் சுடாது. கத்தியில் உள்ளிழுத்துக்கொள்ளும் தடுப்பு ஒன்று இருக்கிறது. விரல்கள் அதன்மீது படுமே தவிர, கூரிய அலகின்மீது படாது. வெட்டுப்பலகையின் பக்கவாட்டுத் தட்டு, நறுக்கிய காய் தரையில் சிதறாமல் ஏந்திக்கொள்ளும்.

இவற்றில் மின்கலம் இல்லை, செயலி இல்லை. தொட்டால் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

பாட்டியிடமிருந்து பறித்தது

இதைப் படித்தபோது எனக்குக் குற்ற உணர்வு வந்தது. நீரிழிவால் என் பாட்டியின் பார்வை மங்கத் தொடங்கியதும், “நீங்க உட்காருங்க பாட்டி, நாங்க பாத்துக்கிறோம்” என்று எங்கள் வீவக வீட்டுச் சமையலறையிலிருந்து அவரை வெளியேற்றினோம். எல்லாம் பாதுகாப்புக்காகத்தான். ஆனால், ஐம்பது ஆண்டுகளாக எங்களுக்கு ரசம் வைத்த கைக்கு அன்று முதல் வேலை இல்லாமல் போனது. பாட்டியின் பேச்சும் குறைந்தது.

எங்களுக்கும் அந்த மாணவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். நாங்கள் பாட்டியால் முடியாததைப் பார்த்தோம். அவர், முடிந்ததை எப்படித் தொடர வைக்கலாம் என்று பார்த்தார்.

ஒருவருக்காக, எல்லாருக்கும்

அமெரிக்காவின் ஆக்ஸோ சமையல் கருவிகளுக்கும் இப்படியொரு கதை உண்டு. சாம் ஃபார்பரின் மனைவி பெட்சிக்கு மூட்டுவலி; தோல்சீவியைப் பிடிக்கச் சிரமப்பட்டார். அதற்காகத் தடித்த ரப்பர் கைப்பிடியுடன் உருவான கருவிகள் 1990ல் கடைகளுக்கு வந்தன. இன்று வலி இல்லாதவர்களும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். ஒருவரின் சிரமத்தைக் கூர்ந்து கவனித்தால் பலருக்கும் உதவும் பொருள் கிடைக்கிறது.

வீட்டிலேயே தொடங்கலாம்

இதற்கு வடிவமைப்புப் பட்டம் தேவையில்லை. உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் வளையம், சர்க்கரை டப்பாவுக்கு இரண்டு. அடுப்புத் திருகில் ‘அணை’ என்ற இடத்தில், கைக்குத் தட்டுப்படும்படி ஒரு மேடான ஒட்டுப்பொட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைக்கும் பழக்கம். ஆனால், எதை எங்கே ஒட்டுவது என்று நாமாக முடிவு செய்யக்கூடாது. பயன்படுத்தப்போகிறவரிடம் முதலில் கேட்க வேண்டும்.

நாங்கள் கேட்டோம். பாட்டி வளையங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “மிளகுக்கும் ஒண்ணு போடு” என்றார்.

போன ஞாயிறு, நான் பக்கத்தில் நிற்க, பாட்டி ரசம் வைத்தார். உப்புக் கொஞ்சம் தூக்கல். யாரும் மிச்சம் வைக்கவில்லை.