குவாதலூப்பில் கல்யாணம்

"மேற்கிந்தியத் தீவில் கல்யாணமாமே, கிரிக்கெட் ஆடுகிறவர்கள் ஊரா?" என்று விஷ்ராந்த்வாடியில் எதிர்ப்படுகிற அன்பர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு தடவை சொல்லி மாளவில்லை. நம் பிள்ளைகள் இன்று எங்கெங்கோ வேலை பார்க்கிறார்கள். நாளை உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழலாம். ஆகவே எழுதியே விடுகிறேன்.

குவாதலூப் கரீபியன் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவுக்கூட்டம். பெரிய தீவுகள் இரண்டும் பட்டாம்பூச்சியின் இறக்கைகள் போல ஒட்டி நிற்கும். பாரிஸில் இருக்கும் என் மகன் மணக்கப்போகும் பெண்ணின் பெற்றோர் அங்கே காப்பெஸ்தேர் என்ற ஊரில் வசிக்கிறார்கள்.

பிரான்சு 1848-ல் அடிமை முறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டங்களில் ஆள் பஞ்சம் ஏற்பட்டது. 1854 டிசம்பரில் 'ஒரேலியன்' என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை அங்கே இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 பேர் போனார்கள். புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறிய நம்மவர்கள் அவர்களில் ஏராளம். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஓட்டுரிமைகூட இல்லை. காப்பெஸ்தேரில் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904-ல் தொடங்கிய போராட்டம் 1923-ல்தான் பலித்தது. இன்று அங்கே ராமசாமி, முத்துசாமி எல்லாம் குடும்பப் பெயர்கள். ஆனால் பேச்சு பிரெஞ்சும் கிரியோலும்தான். தமிழ் கோவில் சடங்கில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கல்யாணத்தைக் கோவிலில் வைக்கலாம் என்று முதலில் பேசினோம். ஷாங்ஜி என்ற இடத்தில், நெடுஞ்சாலையை ஒட்டியே, மாரியம்மன் கோவில் இருக்கிறது. ஆனால் நகராட்சி மன்றத்தில் மேயர் முன்னிலையில் திருமணம் முடிந்த பிறகே சமயச் சடங்கு என்பது பிரெஞ்சுச் சட்டம். சிக்னல் விழாமல் வண்டியை எடுக்க முடியாது! பத்து நாள் அறிவிப்பு ஒட்டவேண்டும். மணமக்கள் அந்த ஊரில் வசிக்காவிட்டாலும், பெற்றோர் வசித்தால் போதும் என்று 2013-ல் சட்டம் தளர்ந்தது. எங்களுக்கு அது பெரிய உதவி. மகனின் பிறப்புச் சான்றிதழுக்கு மாநில அரசின் ஒப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, அதன்பின் அங்கீகாரம் பெற்றவரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு என்று வேலை வரிசையாக இருக்கிறது.

விசாவில் ஒரு நுட்பம். குவாதலூப் பிரான்சுதான், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிக்கென்று தனியாகக் கேட்கவேண்டும். பாரிஸில் இறங்கித் தங்கி, திரும்பும்போதும் பாரிஸ் வழியே வருவதானால், ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவாக இருந்தால் போதாது.

நாள் குறிப்பதுதான் பெரும்பாடு. ஊரிலுள்ள என் அண்ணா ஆவணி என்றார். அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். ஆவணி அதன் உச்சம். 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் அந்தத் தீவைச் சின்னாபின்னப்படுத்தியது. மழை குறைந்த தை, மாசியே உத்தமம். அதிலும் நம் பஞ்சாங்கத்தை அப்படியே பார்க்கக் கூடாது. அவர்கள் கடிகாரம் நமக்கு ஒன்பதரை மணி பின்னால். நம் காலை ஆறு மணி அவர்களுக்கு முந்தின நாள் இரவு எட்டரை. அந்த ஊர்ச் சூரிய உதயத்தை வைத்து லக்னம் கணித்துத் தரும்படி எங்கள் ஜோசியரிடம் கேட்டிருக்கிறேன். "இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றார்.

உறவினர் சிலர் கேட்டது வேறு: "பெண் வீட்டார் என்ன ஜாதி?" மூன்று மாதக் கப்பலிலும் கூலி லயத்திலும் கலந்து வாழ்ந்த குடும்பங்களிடம் குலம் கோத்திரம் விசாரிப்பது அநாகரிகம். நான் கேட்கவில்லை, கேட்கப்போவதுமில்லை. அப்படிக் கேட்கிறவர்களுக்குப் பத்திரிகை அனுப்புவேன், சம்பந்தியம்மாள் எதிரில் மட்டும் கேட்க விடமாட்டேன்.

என் மனைவியின் கவலை, கோவிலில் ஆடு பலி கொடுப்பார்களாமே என்பது. கொடுக்கிறார்கள்தான். எங்கள் கிராமத்து அம்மனுக்கு மட்டும் பாயசமா படைத்தார்கள்? பந்தியில் 'கொலம்போ' என்ற மசாலாவில் ஆட்டுக்கறி வரும். எங்களில் சைவர்களுக்குக் காய்கறியில் அதையே சமைக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

வெற்றிலை, மாவிலை, மல்லிகைச் சரம் எதையும் சான்றிதழ் இல்லாமல் பெட்டியில் கொண்டுபோக முடியாது. வாழையும் தேங்காயும் அங்கே தாராளம். இங்கிருந்து தாலி, கூறைப்பட்டு, மஞ்சள் கிழங்கு. அத்துடன் சம்பந்தி வீட்டாருக்குக் கட்டம் போட்ட கைத்தறித் துணி. அங்கே பெண்கள் விசேஷ நாளில் தலையில் கட்டும் துணிக்கு இன்றும் 'மத்ராஸ்' என்றுதான் பெயர்.