நீலக்கால் நண்டு நான்கான கதை

புதுக்கோட்டைக் கரையில் உள்ள ஜெகதாப்பட்டினம் இறங்குதளத்தில் வலையிலிருந்து கழற்றிப் போடும் நீலக்கால் நண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ஆண் நண்டின் காலில் நீலம் பளிச்சென்று தெரியும். பெண் மங்கிய பழுப்பு. ஓட்டின் மேல் வெள்ளைப் புள்ளிகள் பின்னிப் பிணைந்து ஓடும். பாரசீக வளைகுடாவிலும் தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைப்பது இதே நண்டுதான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1758-ல் லின்னேயஸ் சூட்டிய ‘பெலாஜிகஸ்’ என்ற பெயரே எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்தது.

2010-ல் அந்த நம்பிக்கை உடைந்தது. சிங்கப்பூரிலிருந்து ஜோயல் லாய், பீட்டர் இங், ஆஸ்திரேலியாவிலிருந்து பீட்டர் டேவி ஆகிய மூவரும் பல கடல்களின் நண்டுகளை உடலமைப்பாலும் மரபணுவாலும் ஒப்பிட்டு, இவை நான்கு இனங்கள் என்று காட்டினார்கள். கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் இருப்பது பெலாஜிகஸ். பாரசீக வளைகுடா, செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கா பக்கம் செக்னிஸ். ஆஸ்திரேலியாவில் ஆர்மேட்டஸ். வங்கக் கடலை ஒட்டிய நம் கரைக்கு ரெட்டிகுலேட்டஸ். இது 1799-லேயே ஹெர்ப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர். பின்வந்தவர்கள் பெலாஜிகஸோடு சேர்த்துவிட்டதால் இருநூறு ஆண்டுகள் மறைந்து கிடந்தது.

ஓர் இனம் எப்படிப் பலவாகிறது? ஒரே கூட்டம் இரண்டாகப் பிரிந்து, ஒன்றோடொன்று கூட வழியில்லாமல் வெகுகாலம் இருந்தால், இரண்டின் மரபணுக்களிலும் தனித்தனி மாற்றங்கள் சேரும். ஒருநாள் மீண்டும் சந்தித்தாலும் இணை சேராத அளவுக்கு விலகியிருந்தால் அவை இரண்டு இனங்கள். 1942-ல் எர்ன்ஸ்ட் மேயர் வகுத்த இந்தக் கருத்தே இன்றும் பல ஆய்வுகளுக்கு அடிப்படை. நண்டில் இந்த விலகல் இன்னும் எளிதாக வேர் பிடிக்கும் என்பது என் எண்ணம். பெண் சட்டை உரித்து ஓடு மென்மையாக இருக்கும் சிறு பொழுதில்தான் இணைசேர்க்கை நடக்கிறது. அதற்கு முன்பே ஆண் அவளைத் தன் அடியில் பற்றிக்கொண்டு திரியும். அந்த நேரமோ, நிறமோ, ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவமோ சற்று மாறினாலும் பொருத்தம் குலையலாம்.

ஆனால் கடலில் பிரிவினை ஏது? சினை நண்டு லட்சக்கணக்கில் முட்டை சுமக்கிறது. பொரித்த குஞ்சுகள் வாரக்கணக்கில் நீரோட்டத்தோடு மிதந்து போகின்றன. இங்கேதான் பனியுகம் வருகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. அதற்கு முன்னும் பலமுறை தாழ்ந்து உயர்ந்தது. அப்போதெல்லாம் மலாய் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலமாகி, இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் நடுவே தடுப்பாக நின்றன. இரு கடல்களிலும் ஒன்றுபோல் தோன்றி வேறுபட்டிருக்கும் பல உயிர்களுக்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இதுதான். நீலக்கால் நண்டின் பரவலும் அதற்கு ஒத்துப்போகிறது.

கடல்மட்டம் தாழ்ந்திருந்த அதே காலத்தில் ஜெகதாப்பட்டினத்துக்கு எதிரே கடலே இல்லை. ஆழம் குறைந்த பாக் விரிகுடா முழுக்கத் தரை. இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு நடந்தே போயிருக்கலாம். பாதை திறந்ததே, இலங்கையின் தவளைகளும் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளும் கலந்துவிட்டனவா? பெரும்பாலும் இல்லை. ஃபிராங்கி பாஸ்யூட் குழு 2004-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட மரபணு ஆய்வு, நிலம் இணைந்திருந்தும் இரு பக்கத்து உயிர்களும் பெரிதும் தனித்தனியாகவே வளர்ந்தன என்று காட்டியது. ஈரக்காட்டுத் தவளைக்கு நடுவிலிருந்த வறண்ட சமவெளியும் கடலுக்கு நிகரான தடைதான். அந்த ஆய்வுக்கு இரண்டு ஆண்டு முன்பு, இலங்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட தவளை இனங்கள் உண்டு என்று அதே இதழில் சொன்ன கட்டுரையின் முதல் ஆசிரியர் மாதவ மீகஸ்கும்புர.

மீண்டும் நண்டுக்கு வருவோம். ஒரே இனம் என்று கருதப்பட்ட களி நண்டும் இப்படித்தான் 1998-ல் நான்கு இனங்களாகத் தெளிவுபடுத்தப்பட்டது. அதில் ஒன்று நம் தரங்கம்பாடியின் பெயரைத் தாங்கியது.

பெயர் மாறினால் மீனவருக்கு என்ன என்று கேட்கலாம். எந்த அளவில் நண்டு முதிர்கிறது, எந்த மாதத்தில் சினைப்படுகிறது என்பதை வைத்தே பிடிக்கும் அளவுக்கு விதி வகுக்கிறார்கள். பெலாஜிகஸ் என்ற தலைப்பில் முன்பு வெளியான ஆய்வுகளில் கணிசமானவை ஆஸ்திரேலிய நண்டைப் பற்றியவை. அந்த நண்டு வேறு இனம் என்று இப்போது தெரிந்துவிட்டது.

புதுக்கோட்டை, ராமநாதபுரம் கரையோரக் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் இறங்குதளத்துக்கு வாருங்கள். நண்டைப் படமெடுத்து, இடமும் நாளும் எழுதி, மரபணு ஆய்வுக்காக ஒரு காலை எரிசாராயத்தில் போட்டு வையுங்கள். நம் நண்டுக்கான விதியை நம் கடலில் அளந்து எழுத அதுவே முதல் வேலை.