கணினி: அறையை நிறைத்த இயந்திரம் கைப்பேசியான கதை

மெல்பேர்ணின் ஸ்பொட்ஸ்வூட் பகுதியில் அமைந்துள்ள சயன்ஸ்வேர்க்ஸ் அருங்காட்சியகத்தில் சிசிராக் என்னும் பழைய இயந்திரம் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. ட்ரெவர் பியர்சி, மாஸ்டன் பியர்ட் ஆகியோர் சிட்னியில் வடிவமைத்த அவுஸ்திரேலியாவின் முதலாவது கணினி இதுவாகும். 1949இல் முதன்முதலாக இயங்கிய இது, 1955இல் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டுவரப்பட்டு, 1964 வரை பணியாற்றியது. வானிலைக் கணிப்பு, கட்டட வடிவமைப்பு, கடன் தவணைக் கணக்கு ஆகியவற்றுக்கும் இது பயன்பட்டது.

கணினி என்றால் என்ன?

தரவுகளை உள்வாங்கி, நினைவகத்தில் வைத்து, கொடுக்கப்பட்ட கட்டளைகளின்படி கணித்து, விடையை வெளியிடும் இயந்திரமே கணினியாகும். சிசிராக் தனது கட்டளைகளைத் துளையிட்ட காகித நாடாவிலிருந்து பெற்றது. பாதரசம் நிரம்பிய குழாய்களில் ஒலியலைகளாக அவற்றை நினைவில் வைத்தது. இன்றைய கைப்பேசியில் காகித நாடாவின் இடத்தைத் தொடுதிரையும், பாதரசக் குழாய்களின் இடத்தைச் சிறு சில்லுகளும் பெற்றுள்ளன. அடிப்படைச் செயல்முறை மாறவில்லை.

எவ்வாறு சுருங்கியது?

சிசிராக்கில் ஏறத்தாழ 2,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அவை சூடாகிப் பழுதடைந்தன. மின்சாரத்தையும் பெருமளவில் உண்டன. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவான திரான்சிஸ்டர், அக்குழாயின் வேலையைச் சிறிய அளவிலும் குறைந்த மின்சாரத்திலும் செய்தது. 1958இல் பல உறுப்புகளை ஒரே துண்டில் அமைக்கும் ஒருங்கிணைந்த சுற்று உருவாயிற்று. 1971இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் சில்லில் ஏறத்தாழ 2,300 திரான்சிஸ்டர்கள் இருந்தன. ஓர் அறையை நிறைத்த உறுப்புகளுக்கு நிகரான எண்ணிக்கை, விரல்நகத்திலும் சிறிய இடத்தில் அடங்கிற்று. 1980களில் கணினி வீடுகளுக்கு வந்தது. பின்னர் இணையத்துடன் இணைந்து சட்டைப்பையில் குடிபுகுந்தது.

மாறாத ஓர் உண்மை

கணினி எத்துணை விரைவாக இயங்கினாலும், கட்டளையிடுபவர் யார் என்பதைத் தானாக உணராது. சரியான கடவுச்சொல்லைக் கொடுப்பவரையே அது உரிமையாளராக ஏற்றுக்கொள்ளும். வங்கி, மெடிக்கெயார், மைகவ் ஆகியவற்றின் கடவுச்சொற்களையும் குறுஞ்செய்தியில் வரும் இரகசிய எண்களையும் தொலைபேசியில் கேட்பவர் எவருக்கும் கூறலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

அதே வேளையில், தவறான பொத்தானை அழுத்தினால் இயந்திரம் பழுதாகிவிடும் என்று முதியோர் பலர் கொள்ளும் அச்சம் தேவையற்றது. பெரும்பாலான தவறுகளை ஒரு படி பின்சென்று திருத்திக்கொள்ளலாம். மருத்துவச் சந்திப்பைப் பதிவதற்கும் படிவம் நிரப்புவதற்கும் பிள்ளைகளின் ஓய்வு நேரத்திற்காகக் காத்திருப்போர், சிறிது பயிற்சியுடன் அவற்றைத் தாமே செய்துகொள்ள முடியும்.

எங்கே பழகலாம்?

பொது நூலகங்களில் உறுப்புரிமை இலவசமாகும்; கணினிகளும் அங்கே பயன்பாட்டிற்கு உள்ளன. பொதுக் கணினியைப் பயன்படுத்திய பின்னர், கணக்கிலிருந்து வெளியேறிவிட்டே எழுந்து செல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பேசுவதில் சிரமமுள்ளோர் 131 450 என்னும் இலக்கத்தில் மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் ஒருவரின் உதவியுடன் மாநகர சபையைத் தொடர்புகொள்ளலாம்.