டைட்டானியம் துருப்பிடிக்காது, ரப்பர்?

"டைட்டானியம் ரெகுலேட்டரா? அதுக்கு சர்வீஸே வேண்டாம்" என்றார் ஸ்கூபா நண்பர் ஒருவர். பாதிதான் உண்மை. கடல்நீர் அந்த உலோகத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் ரெகுலேட்டரில் முதலில் தேய்வது உலோகம் இல்லையே!

நிரப்பிய சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தம். அதை 9-10 பாராகக் குறைப்பது முதல் நிலையின் வேலை. உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் சீட். ஒவ்வொரு மூச்சுக்கும் உலோக விளிம்பு அதன்மேல் வந்து அழுத்தி மூடும். நாளடைவில் பள்ளம் விழும், காற்று கசியும். இதைப் பிடிக்க எளிய வழி: நடு அழுத்த கேஜை மாட்டி, நாலு மூச்சு இழுத்துவிட்டு முள்ளைப் பாருங்கள். ஒரே இடத்தில் நின்றால் நல்லது. மெல்ல ஏறிக்கொண்டே போனால் சீட் போச்சு. நான் வாங்கிய பழைய செட் வெளியே பளபள. முள்ளோ 12-ஐத் தாண்டியது. அப்படியே விட்டால் தண்ணிக்குள்ள வாய்ப்பகுதி தானாகவே காற்றைக் கொட்டும். ஓ-ரிங்குகளும் இப்படித்தான், பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் வயதாகும்.

கழற்றும்போது கவனம். டைட்டானியம் மரைகள் உரசினால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். கிரீஸ் இல்லாமல் முறுக்காதீர்கள்.

நீலம், ஊதா வேண்டுமா? பெயின்ட் தேவையில்லை. அனோடைசிங்கில் வோல்டேஜைக் கூட்டினால் மேலுள்ள ஆக்சைடு படலம் தடிக்கும், நிறம் மாறும். இதில் விளையாடலாம்.

விளையாடக் கூடாதது ஆக்சிஜன். உயர் அழுத்த ஆக்சிஜனில் டைட்டானியமே தீப்பிடித்து எரியும். 40 சதவீதத்துக்கு மேல் போகும் கலவைக்கு அதை மாட்டவே கூடாது. அந்த சிலிண்டருக்கு என்னிடம் இருப்பது ஆக்சிஜனுக்கென்றே சுத்தம் செய்த பித்தளைதான்.